ஏரியில் கேட்ட ஏலக்குரல்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் நாச்சிமுத்து கூவ ஆரம்பித்தால், அடுத்த தெரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகூடக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வருவார். ஒல்லியான ஆள். இந்த உடம்பில் இவ்வளவு சத்தம் எங்கே கிடக்கிறது என்று லாரிக்காரர்கள் கேலி பேசுவார்கள். வெள்ளனே தொடங்கினால் வெயில் ஏறும்வரை நிறுத்தமாட்டார். நடுவில் சுக்குத்தண்ணி ஒரு மடக்கு, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள், வடிவு. கொடைக்கானலுக்கு மேலே பூண்டி கிராமத்தில், பூண்டு போடுகிற குடும்பத்தில் கந்தவேல் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். அந்த வீட்டுப் பூண்டைச் சந்தையில் கூவி விற்ற பழக்கத்தில் வந்த சம்பந்தம் அது. கல்யாணமாகிச் சில வருஷத்தில் கந்தவேல் நிலத்தை அண்ணன் கையில் விட்டுவிட்டு, கொடைக்கானல் ஏரியில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டப் போய்விட்டான். வடிவும் ஏரிக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டாள்.

“மண்ணப் பாத்துப் பொண்ணு குடுத்தேன். அவன் தண்ணிக்குப் போயிட்டானே!” என்று நாச்சிமுத்து சந்தையில் எல்லோரிடமும் புலம்பினார். மருமகனிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் தோதில்லை. கந்தவேல் பேச்சே இல்லாதவன். “வாங்க மாமா” என்பான். “நல்லாருக்கீகளா மாப்ள” என்பார். அதோடு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், சீசன் நேரம். ஏரிப் படகுக்காரர்களுக்குள் ஒரு பெரிய போட்டி வைத்தார்கள். படகுத்துறையில் கிளம்பி, நட்சத்திரம்போல் நாலாபக்கமும் நீண்டு கிடக்கும் ஏரியின் ஒவ்வொரு கைக்குள்ளும் போய்த் திரும்பி, கடைசியில் நடு ஏரியைக் கடந்து புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். கந்தவேலும் பேர் கொடுத்திருந்தான். “கட்டாயம் வரணும்ப்பா” என்று வடிவு லாரி டிரைவர்கள் மூலம் ஆள்மேல் ஆள் சொல்லிவிட்டாள். கேரட் ஏற்றப் போகிற லாரியில் ஏறி, பெருமாள்மலை தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே ஏரிக்கு வந்து சேர்ந்தார் நாச்சிமுத்து.

படகுகள் வரிசையாக நின்றன. விசில் ஊதியதும் துடுப்புகள் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. நாச்சிமுத்து பதறிப்போனார்.

“ஏத்தா, என்ன இது? போற பக்கத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுல்ல உக்காந்திருக்கான்!”

“துடுப்புப் போடுறது அப்படித்தாம்ப்பா. பின்னால ஒரு மரத்தையோ பங்களாவையோ குறி வச்சுக்கிட்டு நேரா இழுப்பாக.”

“பாக்காமலா போவான்? நல்லா இருக்கு இவன் சோலி!”

வடிவு நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரிச்சாலையில் நடக்க ஆரம்பித்தாள். படகுகள் ஒரு கைக்குள் நுழைந்து மறைந்தால், அவள் குறுக்கே மேடேறி இறங்கி அடுத்த வளைவில் போய் நிற்பாள். “வெரசா வாங்கப்பா!” என்று அவள் கூப்பிட, மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார் அவர். முதல் வளைவில் கந்தவேல் நான்காவதாக வந்தான். அடுத்ததில் மூன்றாவது. யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே மறுபடி கண்ணில் பட்டபோது அவனுக்கு முன்னால் ஒருவருமே இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கை மட்டும் தளராமல் ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து ஓட்டத்தை நிறுத்தி அந்தக் கையையே பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர். உழைக்கிற கை எது, ஒப்பேற்றுகிற கை எது என்று அவருக்குத் தெரியும்.

“ஏலே, நம்ம மாப்ளயா இது!” என்றார், யாரிடமென்று இல்லாமல்.

அவர்கள் படகுத்துறைக்குத் திரும்பி வந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. மலைமேலிருந்து மெத்தென்று வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கரையை மூடி, நடு ஏரியை மூடி, கரையோரத்து அல்லி இலைகளையும் மூடியது. படகுகள் ஏரியின் நடுவில் இருந்தன. குறி வைக்க மரமும் இல்லை, பங்களாவும் இல்லை. எங்கேயோ துடுப்புச் சத்தம் கேட்டது. ஒருவன், “ஏய், எந்தப் பக்கம்டா?” என்று கத்தினான். கரையில் இருந்தவர்களும் கத்தினார்கள். ஆளாளுக்கு ஒரு மூலையிலிருந்து கத்தியதில் ஒன்றும் விளங்கவில்லை. வடிவு அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து படகுத்துறைப் பலகையின் நுனிக்குப் போய் நின்றார். “எல்லாரும் செத்த சும்மா இருங்கய்யா!” என்று ஒரு அதட்டல். கூட்டம் அடங்கியது. “மாப்ளே! இங்கிட்டு!” என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அது அவருக்கு வாகாக வரவில்லை, மூச்சு முட்டியது. மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோது தன்னாலே வந்தது சந்தைக் குரல்.

“கேரட்டு கேரட்டு கேரட்டேய்! மேமலைக் கேரட்டு! முட்டக்கோசு, பூண்டு, பூண்டிப் பூண்டு! கேக்குறவன் கேளு, எடுக்குறவன் எடு! ஒரு தரம்! ரெண்டு தரம்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கூவினார். ஏதோ பங்களாச் சமையல்காரர் பையோடு ஓடிவந்து, “கேரட்டு எங்கய்யா?” என்று கேட்டார். யாரோ அவரைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். நாச்சிமுத்து நிறுத்தவே இல்லை. கத்திரிக்காய் முடிந்து, முருங்கைக்காய் முடிந்து, சின்ன வெங்காயம் போய்க்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து ஒரு படகின் முனை தெரிந்தது.

வந்தவன் ஞானவேல் என்ற இன்னொரு படகுக்காரன். அவனுக்கு ஒட்டினாற்போல் கந்தவேல் இரண்டாவதாக வந்தான். மற்றவர்களும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள்.

“நான் கூப்பிட்டது எம் மருமகன! நீ எப்படிடா முன்னால வந்த?” என்று நாச்சிமுத்து ஞானவேலிடம் சண்டைக்குப் போனார். போனாரே தவிர, வார்த்தை பாதிதான் வந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது.

“ஏலத்துல யாரு வேணாலும் கேக்கலாம்ல பெரியவரே!” என்று ஞானவேல் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கரையே அதிர்ந்தது சிரிப்பில். நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வடிவு வீட்டில் பூண்டுக் குழம்பு. நாச்சிமுத்துவால் பேச முடியவில்லை. மருமகனின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் உடைந்து கிடந்தது. புருவத்தை உயர்த்தி, எப்படி என்பதுபோல் சைகை காட்டினார்.

கந்தவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே பேச ஆரம்பித்தான். “நடு ஏரியில ஒண்ணுமே தெரியல மாமா. பயமாத்தான் இருந்துச்சு. மத்தவுக கூப்பிட்டது அங்கொண்ணும் இங்கொண்ணுமா விழுந்துச்சு. ஒங்க சத்தம் மட்டும் விடாம வந்துச்சு. அது நேரா முதுகுல படுதான்னு பாத்துப் பாத்து இழுத்தேன்.” அதோடு நிற்கவில்லை. ஏரியின் எந்தக் கையில் தண்ணீர் கனம், எங்கே காற்று திருப்பும், பூண்டுக் காட்டு வேலையில் வராத நிம்மதி துடுப்பைத் தொட்டதும் ஏன் வருகிறது என்று இலை காயும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். வடிவு குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றாள். புருஷன் இவ்வளவு பேசி அவளே கேட்டதில்லை. நாச்சிமுத்து குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

சந்தையில் அந்த வாரம் அவருக்குப் பதிலாக வேறு ஆள் கூவினார். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று கையை மட்டும் ஆட்டினார். குரல் திரும்பியதும் முதலில் அவர் சொன்னது ஏரிக் கதைதான். அடுத்த மே மாதப் போட்டிக்கு லாரியில் சந்தைக்காரர்கள் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு மலையேறினார். அந்த வருஷம் வானம் பளிச்சென்று இருந்தது, பனியே இல்லை. ஆனாலும் கந்தவேல் கடைசி வளைவு திரும்பியதும் பத்துப் பன்னிரண்டு சந்தைத் தொண்டைகள் ஒன்றாகத் திறந்தன.