வலது கையில் ஏறிய ஊசி

என் தங்கை பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். கட்டுமாவடி போகும் சாலையில், மூடிக்கிடக்கும் அரிசி ஆலைக்குப் பக்கத்துத் திடல்தான் அவளுடைய பள்ளிக்கூடம். அங்கன்வாடி டீச்சர், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண், கடற்கரையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கப் போகிறவர்கள் என்று பலரும் அவளிடம் கற்றுக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "காலைத் தூக்குங்க, வண்டி ஒங்களத் தள்ளிவிடாது" என்று கத்துவாள். வண்டி தடுமாறினால் பின்னாலிருந்தே எட்டி ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்திவிடுவாள். அவளுடைய கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அதனால் அவளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் கூடப் போவது அக்காவான நான்தான்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி நிற்கவில்லை. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, ட்ரிப்ஸ் ஏற்றி ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிடலாம் என்றார். அவர் சொன்னது உண்மைதான். காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ட்ரிப்ஸ் ஊசி போட வந்தது இளவயது நர்ஸ். இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே குத்தினாள். ரத்தம் வேகமாக வந்தது. பஞ்சால் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, டியூபை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்த வார்டில் அன்றைக்கு அத்தனை காய்ச்சல்காரர்கள் படுத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மருந்து இறங்குவதற்குப் பதிலாக டியூபில் ரத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். வேறொரு நர்ஸ் வந்தார். கொஞ்சம் வயதானவர். பாட்டில் மாட்டியிருந்த கம்பியை உயர்த்தினார், டியூபை அமுக்கினார்.

"கைய மடக்கியிருப்பாங்க. ஆட்டாம நேரா வைக்கச் சொல்லுங்க."

"அவ ஆட்டலீங்களே சிஸ்டர்."

அவர் அதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் அந்த இளவயது நர்ஸ் வாந்தி நிற்பதற்கான ஊசியோடு வந்து, மணிக்கட்டில் ஏற்கெனவே இருந்த ஊசி வழியாக ஏற்றினாள். என் தங்கை அலறிவிட்டாள். அவள் அலறுகிற ஆள் இல்லை. பழக வந்த ஒரு பெண் வண்டியைச் சுவரில் மோதி இவள் முழங்கால் பெயர்ந்தபோதும், நொண்டிக்கொண்டே சிரித்தபடி வீட்டுக்கு வந்தவள் அவள்.

"சிஸ்டர், வேணாம் நிப்பாட்டுங்க. வெரல் நுனி வரைக்கும் தீ வச்ச மாதிரி இருக்கு."

"இந்த ஊசி அப்படித்தான்க்கா எரியும். பாதிதான் போயிருக்கு, பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மீதியையும் ஏற்றினாள்.

வலியில் தங்கை கையை உதறியதால், ஊசி கழன்றுவிடக் கூடாது என்று ஒரு அட்டையை வைத்து விரல்வரை துணிக்கட்டுப் போட்டுவிட்டார்கள். அதோடு அந்தக் கை யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

சாயங்காலம் ட்யூட்டி மாறியது. நான் வெந்நீர் பிடிக்கப் போனபோது நர்ஸுகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இரவு ட்யூட்டிக்கு வந்தவரிடம் அந்த வயதான நர்ஸ், "ஜன்னலோரக் கட்டிலு, சாதாரணக் காய்ச்சல்தான். கொஞ்சம் சவுண்டு விடுவாங்க, கண்டுக்காத" என்றார். டியூபில் ரத்தம் ஏறியதையோ, ஊசி போட்டபோது அவள் துடித்ததையோ சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் என் தங்கை நோயாளி என்பதிலிருந்து தொல்லை பிடித்தவள் என்று ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் அது சவுண்டுதான்.

"அக்கா, வெரலு மரத்துப்போச்சு. எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு" என்றாள். கட்டின் ஓரத்தில் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இன்னொரு கையைத் தொட்டேன், காய்ச்சலில் கொதித்தது. இரவு நர்ஸிடம் போய் அதை அப்படியே சொன்னேன். சண்டை போட்டேன். கடைசியில் அவர் ட்யூட்டி டாக்டருக்குப் போன் செய்தார். நான் எதிரேதான் நின்றேன்.

"சார், ட்ரிப்ஸ் போட்ட எடத்துல லேசா வீக்கம்ங்கிறாங்க."

வீக்கம் என்று நான் சொல்லவே இல்லை. விரல் சில்லிட்டுப்போய் உணர்ச்சி இல்லாமல் கிடக்கிறது என்றுதான் சொன்னேன். வீக்கத்துக்கு டாக்டர் ஒரு களிம்பு சொன்னார். கட்டைப் பிரிக்காமலே, அதன் மேல் ஓரத்தில் களிம்பைத் தடவினார்கள். அடுத்த வேளை மருந்தும் அதே ஊசி வழியாகவே போனது. நான் குறுக்கே நின்றதற்கு, "இப்படித் தடுத்தீங்கன்னா எழுதிக்குடுத்துட்டு வேற எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, இவள் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். எங்கே கூட்டிப்போவேன்?

காலையில் பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார். கட்டைப் பிரிக்கச் சொன்னார். கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களும் நாவல் பழம் போலக் கருநீலமாக இருந்தன. அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஒடனே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆம்புலன்ஸ் சொல்றேன்" என்றார்.

திருச்சியில் பார்த்த டாக்டர்தான் நடந்ததைப் புரியும்படி சொன்னார். ஊசி, ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாயில் இறங்கியிருக்க வேண்டும். அது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் இறங்கிவிட்டது. அந்தக் குழாயில் வாந்திக்குப் போட்ட அந்த மருந்து போனால் குழாயே சுருங்கி அடைத்துக்கொள்ளும். "ரத்தம் மேல ஏறுனப்பவே ஊசிய எடுத்திருந்தா ஒண்ணுமே இல்லம்மா. சின்னக் காயம் மாதிரி ஆறியிருக்கும்" என்றார். அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கையைக் கீறி அழுத்தத்தைக் குறைத்தார்கள். கடைசியில் கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

நினைவு தெளிந்ததும் அவள் அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "ஆக்ஸிலேட்டர் முறுக்குற கையாச்சே இது" என்றாள். நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனேன். பெரிய டாக்டர் டீ வரவழைத்தார். "ரொம்ப அபூர்வமா வர்ற காம்ப்ளிகேஷன்மா. யாருக்கு வேணும்னாலும் நடக்கலாம்" என்றார்.

நடக்கலாம்தான். முதல் குத்து தவறிப்போனதை நான் இன்றைக்கும் குற்றம் சொல்லவில்லை. மனிதக் கை, தவறும். ஆனால் ரத்தம் ஏறியபோது கம்பியை உயர்த்தியது காம்ப்ளிகேஷனா? அலறியவளுக்கு மீதி மருந்தையும் ஏற்றியது? சில்லிட்ட விரலைப் போனில் வீக்கமாக்கியது? ஒரு டாக்டர் வந்து பார்க்காமலே களிம்பு சொன்னது? ஒவ்வொருவரும் செய்தது சின்னத் தவறுதான். ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் காட்டி, இவ்வளவுதானே நான் செய்தேன் என்கிறார்கள். அத்தனை சின்னதும் சேர்ந்து என் தங்கையின் விரல்களைத் தின்றிருக்கிறது. அதற்குப் பெயர் அபூர்வமாம். டீயைத் தொடாமல் எழுந்து வந்தோம். புகார் கொடுத்திருக்கிறோம், இழுத்துக்கொண்டே போகிறது. நோயாளி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார் என்று அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

புண் ஆறியபின் தங்கை திடலுக்குப் போய்ப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பெண் பயத்தில் முறுக்கிவிட, இவள் எட்டிப் பிடிக்கப் போய், பிடி கிடைக்கவில்லை. இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நெற்றியில் தையல். அதோடு தங்கை வண்டியை விற்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த இளவயது நர்ஸ் வீட்டைத் தேடி வந்தாள். அந்த மருத்துவமனையை விட்டு நின்றுவிட்டாளாம். வாசலிலேயே நின்று அழுதாள். வருகிறவர்களுக்குத் தண்ணீராவது கொடுப்போம். நான் எழுந்திருக்கவில்லை. தங்கைதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் நிப்பாட்டச் சொன்னப்ப நீ என்ன நெனச்ச?"

அந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் நெனக்கலக்கா. வலிக்குதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள்.

தங்கை தலையை ஆட்டிக்கொண்டாள். உண்மையையாவது சொன்னாளே என்று பிறகு என்னிடம் சொன்னாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. என் ஆத்திரம் அந்தப் பெண் மீது மட்டுமில்லை, அவளுக்கு அப்படிக் காது மரத்துப்போகும்வரை ஒரு வார்டு முழுவதையும் தலையில் கட்டிவிட்டு, டீ வரவழைத்துப் பேசுகிறவர் மீது இன்னும் அதிகம். சாமி கும்பிடுகிற இடத்தில்கூட அந்த ஆத்திரம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.