பரிவாரத்தோடு வந்த கணவர்

புதுச்சேரியில் பாகூர் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் எச்.ஐ.வி. ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தால் அவளுக்குத் தினமும் மாத்திரை, பிறந்தவுடன் குழந்தைக்கு சிரப். ஒழுங்காகக் கொடுத்தால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். கணவனையும் அழைத்துப் பேச வேண்டும் என்பது விதி. கணவன்மார்களோ மனைவியை கேட்டில் இறக்கிவிட்டு, பைக்கை அணைக்காமலே திரும்பிவிடுவார்கள். உள்ளே வருவது மாமியார்.

ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குத் தொற்று இருந்தது. மாத்திரைகளைத் துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் வளைகாப்பு, அதோடு தாய்வீடு. பிரசவத்துக்குக் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையைப் பேசி வைத்திருந்தார்கள். அங்கே விவரம் தெரியாமல் போனால் குழந்தைக்கு யார் சிரப் கொடுப்பார்கள்? கணவனிடம் தானே சொல்வதாகச் சொன்னாள். வீட்டில் ஐந்து நிமிடம் தனிமை கிடைக்காது, உங்கள் அறையில் வைத்துச் சொல்கிறேன் என்றாள்.

‘கணவர் நேரில் வரவும்’ என்று சீட்டு எழுதினேன். அதில் முத்திரை குத்தியதுதான் நான் செய்த பிழை. எங்கள் ஊர்களில் முத்திரை விழுந்த காகிதத்துக்கு யாரும் தனியாகப் போவதில்லை. கணவன் தன் அம்மா, அண்ணன், கொம்யூன் பஞ்சாயத்தின் முன்னாள் உறுப்பினர் ஆகியோரோடு வந்து இறங்கினான்.

“நம்ம புள்ளதான் சார். இன்னா கேஸா இருந்தாலும் கொஞ்சம் பாத்து முடிச்சி வுடுங்க” என்றார் முன்னாள் உறுப்பினர்.

அரசு அலுவலகங்களில் முப்பது வருடம் கற்ற வித்தை கைகொடுத்தது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மூன்று பிரதி, மூன்றிலும் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்றேன். அப்படியொரு விதி எந்தக் கோப்பிலும் கிடையாது. முன்னாள் உறுப்பினரின் முகம் மலர்ந்தது. அவருக்கு வேலை வந்துவிட்டது. கார்டு பீரோவில் இருந்தது, பீரோ சாவி மாமியார் இடுப்பில். மூவரும் ஒரே ஆட்டோவில் கிளம்பினார்கள்.

அறையில் கணவன், மனைவி, நான் மட்டும். அவள் சொன்னாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

“எங்கிட்டேர்ந்துதான் வந்துதா சார்?”

பரிசோதனை அதையெல்லாம் சொல்லாது என்றேன்.

“செரி. புள்ளைக்கு இன்னா பண்ணணும், அத்த சொல்லு.”

சொன்னதையெல்லாம் செல்போனில் குறித்துக்கொண்டான். பிறகு சம்மதித்துத் தானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். அவனுக்கும் இருந்தது. கடலூர் ஏற்பாட்டை ரத்து செய்தான். பிரசவம் புதுச்சேரி அரசு மருத்துவமனையில் என்று முடிவானது.

வளைகாப்புக்குப் பிறகு மாப்பிள்ளை அடிக்கடி மாமியார் வீட்டில் தலைகாட்டுவது அழகில்லை என்பார்கள். இவன் மாத்திரை நேரத்துக்குத் தினமும் அவள் தாய்வீடு இருந்த அபிஷேகப்பாக்கம் போய் நின்றான். டீக்கடையில் கூட்டாளிகள் விடவில்லையாம்.

“இன்னாடா, மாமியா வூட்ல துண்டு போட்டு எடம் புடிச்சிட்டியா?”

“ஆமாடா. ஒன் மாமியா வூட்ல ஒன்ன சேக்கலன்னா நான் இன்னா பண்றது?”

பெண் குழந்தை. சிரப்பை அவன்தான் அளந்து கொடுத்தான். அவள் கொடுத்தால் சிந்துகிறதாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தாய், தகப்பன், பிள்ளை மூவரும் வந்தார்கள். பதினெட்டாம் மாதம் கடைசிப் பரிசோதனை. முடிவைப் படித்துப் பார்த்து, குழந்தைக்குத் தொற்று இல்லை என்றேன்.

“இன்னொரு வாட்டி சொல்லு சார்.”

சொன்னேன். மூன்றாம் முறை கேட்டவள் அவன் மனைவி. அவளுக்கும் சொன்னேன்.