அத்தை வாங்கிய மதிப்பெண்

காலை ஆறு பத்து. முதலில் நான் பார்த்தது தண்ணீரில் குப்புற மிதந்த பறியை. இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பை அது. எங்கள் பெண்கள் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பறியைப் பல்லில்தான் கடித்துக்கொள்ள வேண்டும். அத்தையின் பல்லிலிருந்து அது விழுந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு முறை பக்கவாதம் வந்து, கைகால் அசைவு மெல்லத் திரும்பியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று தம்பியிடம், அதாவது என் நைனாவிடம், ஒரு மாதம் சண்டை போட்டுத்தான் மறுபடி ஏரியில் இறங்கினாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். கோடை விடுமுறை முழுவதும் நான் கூடப் போக வேண்டும்; வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஏரி வேண்டாம் என்று சொன்னால் அத்தை நின்றுவிட வேண்டும். எனக்குப் பத்து வயது.

பறியை எடுத்துக் கொடுத்தேன். அத்தையின் வாய் இடப்பக்கம் இறங்கியிருந்தது. இரண்டு முறை கடித்தாள். இரண்டு முறையும் நழுவியது. ஏதோ சொன்னாள், புரியவில்லை. கரைக்கு இழுத்து வந்து உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். வாய் நேரானது.

"இன்னா அத்தே ஆச்சு?"

"இன்னா ஆவும்? வெறும் வயித்தோட வந்துட்டன். உங்க நைனாகிட்ட போய் சொல்லிக்கினு நிக்காத. கட்டில்ல கட்டிப் போட்டுடுவான்."

அன்று வழக்கத்தைவிட அதிகமாக இறால் பிடித்தாள்.

நான்காம் நாள் மதியம் திருப்பாலைவனம் பஸ்ஸில் நர்ஸ் அக்கா வந்தார். ஒரு முறை பக்கவாதம் கண்டவருக்கு அடுத்தது வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் தாள் அவரிடம் இருந்தது. வயது, பிரஷர், சர்க்கரை, புகையிலை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

"மார்க் கம்மியா இருந்தாதான் நல்லதும்மா," என்றார்.

அத்தை என்னைக் காட்டினாள். "அப்ப இவ நூறு வயசு இருப்பா. ஸ்கூல்ல அதான் வாங்கிக்கினு வரா."

நைனாகூடச் சிரித்தார்.

கடைசிக் கேள்வியை நர்ஸ் அக்கா நிதானமாகக் கேட்டார். "நடுவுல எப்பனா வாய் கோணுச்சா? பேச்சு கொழறுச்சா? கொஞ்ச நேரத்துல தானா சரியாயிருந்தாலும் சொல்லணும்."

அத்தை இல்லை என்று தலையாட்டினாள். நைனா என் பக்கம் திரும்பினார். "நீதான கூடப் போற. நீ சொல்லு."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. முழங்காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அடிபட்டால் தழும்பு இருக்கும். காய்ச்சல் வந்து போனால் சோர்வு இருக்கும். அத்தையிடம் ஒன்றும் மிச்சமில்லை. சுவடே இல்லாமல் போய்விட்ட ஒன்றைச் சொல்வது கோள் மூட்டுவதாகப் பட்டது. "இல்ல," என்றேன். அந்தத் தாளில் அதிக மதிப்பெண் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது.

நர்ஸ் அக்கா கூட்டிப் பார்த்தார். மாத்திரையை விடாமல் போடச் சொன்னார். மூன்று மாதம் கழித்து வருவதாகக் குறித்துக்கொண்டார். ஏரியில் இறங்கலாமா என்று நைனா கேட்டதற்கு, பார்த்து இறங்கட்டும் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தைக்குப் பேச்சு போனது. திரும்ப வரவில்லை.