துறைமுகத்தில் நைனா எழுதிய சாட்சி

இன்று காலையும், விடுதியில் துணி துவைக்க வரும் அப்பலம்மா என் புடவையை உதறிக்கொண்டே, தன் மருமகனின் குடியைப் பற்றிப் பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொண்டார். விசாகப்பட்டினத்துக்கு நான் வந்து மூன்றாண்டுகள் ஆகப்போகின்றன. சித்தூர் ஜில்லா என்று யாரிடம் சொன்னாலும் "திருப்பதியா?" என்பதே மறுமொழி, அடுத்த வாக்கியம் ஒரு வேண்டுதல். எங்கள் விஜயபுரம் மலையடிவாரத்தில் இல்லை என்றும், வாழ்நாளில் மூன்று முறைதான் மலையேறியிருக்கிறேன் என்றும் விளக்கிப் பார்த்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வரும் கடிதங்களோ நேர்மாறானவை. கடலோரத்தில் வசிப்பதால் கப்பல்கள் எல்லாம் என் பொறுப்பில் இருப்பதாக எண்ணி, அங்கே என்ன பார்க்கலாம், எத்தனை நாள் வேண்டும், கப்பலுக்குள் விடுவார்களா என்று விசாரிக்கிறார்கள். தனித்தனியே பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

பார்க்க வேண்டியவை, என் கணக்கில், நான்கு. துறைமுகக் கால்வாயின் குறுகிய வாயில் ஒரு பெரிய கப்பல் மலைப்பாறையை உரசிவிடுவதுபோல் நெருங்கி, உரசாமல் திரும்புவது. கோயில், தர்கா, மாதா கோயில் மூன்றும் அடுத்தடுத்த குன்றுகளில் நிற்பது. தோணியில் கால்வாயைக் கடந்து ஏறினால், டால்பின் மீனின் மூக்கைப்போல் கடலுக்குள் நீண்ட மலைமேல் புதிதாகக் கட்டிய கலங்கரை விளக்கம். மாலையில் மீன்பிடிக் கட்டுமரங்கள் கரையேறும்போது கடற்கரைச் சாலையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வருகிற உறவினர் ஒருவருக்கும் அது பிடித்ததில்லை.

நான் இங்கே வந்ததற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குச் சென்னை ஐம்பது மைல். ஆனால் ராஜ்யம் பிரிந்த பிறகு அது அயலூர். திருப்பதியில் என் பாடத்துக்கு இடம் நிரம்பிவிட்டது. ஆகவே சொந்த ராஜ்யத்தில் படிப்பதற்காக, அயல் ராஜ்யத்தின் தலைநகரில் ரயில் மாறி, நானூறு மைலுக்கு மேல் வந்து சேர்ந்தேன். இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. அந்தச் சொந்த ராஜ்யமும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. எங்கள் பக்கத்துக் கிராமங்களை ஆந்திராவில் வைப்பதா சென்னையோடு சேர்ப்பதா என்று எல்லை வகுக்கும் அதிகாரிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டில் சேருவதற்கு, தான் ஆந்திர ராஜ்யத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்று தந்தை கையெழுத்திட்ட தாள் ஒன்றைக் கல்லூரி அலுவலகம் கேட்டது. அதை அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, அனுப்பினேன். தாள் வரவில்லை, கடைசித் தேதிக்கு முந்தின நாள் நைனாவே வந்தார். தாள் அவர் பையில் இருந்தது, வெறுமையாக.

"மெட்ராஸோட சேருங்கன்னு ஊரு மனுல மொத கையெழுத்து நான்தான் போட்டுக்கீறேன். இதுல ஆந்திராதான் என் நிரந்தரம்னு போடச் சொல்றியே, எனக்கு இன்னா ரெண்டு வாயா?" என்றார். "பொட்டிய கட்டு. நாளைக்கு வண்டி ஏறிடலாம்."

நைனா கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். வருத்தத்துடன் நேர்மையாக இருக்கும் மனிதரோடு வாதாட இலக்கியப் பாடத்தில் எதுவும் சொல்லித்தரவில்லை. இந்த ஊரைக் கண்ணால் கண்டால் மனம் மாறுவார் என்று நம்பி, அந்த ஒரு பகலில் என் நான்கு காட்சிகளையும் காட்டிவிடத் தீர்மானித்தேன்.

குன்றின்மேல் ஏறினோம். அங்கே கோயில் கொண்டிருப்பவர் வெங்கடேசப் பெருமாள் என்பதை நான் மறந்துபோனேன். நைனா கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "நம்ம பெருமாள பாக்கவா ரெண்டு ரயிலு மாறி குந்திக்கினு வந்தேன்?" என்றார். கடற்கரையில் ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். "இம்மாந் தண்ணி கீது. ஒரு காணி நெல்லுக்கு ஆவாது." கப்பல் திரும்பிய வேளையில் அவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தோணித்துறைக்குப் போகும் வழியில் துறைமுகக் கிடங்குகள் இருந்தன. ஒரு கிடங்கு வாசலில் வேர்க்கடலைப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே குமாஸ்தா ஒருவரும் வண்டிக்காரர் ஒருவரும் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். மூட்டை ஈரம் என்றார் குமாஸ்தா. அது கடல் காற்று என்றார் வண்டிக்காரர். நான் தடுப்பதற்குள் நைனா ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். இரண்டு பருப்பை எடுத்து நகத்தால் கீறினார், மென்றார், முகம் சுளித்தார். உடனே ஒரு முக்காலி வந்தது, தேநீரும் வந்தது. எண்ணெய் ஆலைக்காரர் அனுப்பிய பரிசோதகர் என்று அவரை எண்ணிவிட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நைனாவுக்குப் புரியவில்லை.

"நல்ல ஜனங்கமா," என்றார் தேநீரை ஊதிக்கொண்டே.

நான்தான் கூச்சத்துடன் குமாஸ்தாவிடம், இவர் சித்தூர்ப் பக்கத்துக் கடலை விவசாயி, ஊர் பார்க்க வந்தவர் என்று தெலுங்கில் சொன்னேன். முக்காலியைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். குமாஸ்தாவோ மகிழ்ந்துபோனார். இரு தரப்புக்கும் பொதுவானவர், கடலை பயிரிடுபவர் என்றார். இவர் சொல்வதை இருவரும் ஏற்பதென்று வண்டிக்காரரும் தலையசைத்தார். எங்கள் பக்கத்து மண்டிகளிலும் அதே வழக்கம்தான். தகராறு என்றால் வழியே போகிற அயலூர் விவசாயியை நிறுத்திச் சாட்சி எழுதி வாங்குவார்கள். நைனா முப்பது மூட்டைகளையும் பார்த்தார். தோணி போயிற்று, அடுத்த தோணியும் போயிற்று. கடைசியில் ஒரு தாளில், எழுத்துக்கு எழுத்து நிறுத்தித் தமிழில் எழுதினார், நான் தெலுங்கில் படித்துக் காட்டினேன்: "இன்று பிற்பகல் நான் பார்த்தபோது அடிமூட்டைகளில் ஈரம் இருந்தது. மேல்மூட்டைகள் உலர்ந்தவை. எங்கே நனைந்தது, நாளை எப்படி இருக்கும் என்பதை நான் அறியேன்." கீழே கையெழுத்து.

கலங்கரை விளக்கம் இல்லை. கட்டுமரங்களும் இல்லை. திரும்பி நடக்கையில் என் பொறுமை தீர்ந்தது.

"நைனா, கடலைக்கு இன்னைக்குப் பாத்தத எழுதிக் குடுத்த. நாளைக்கு தெரியாதுன்னும் எழுதின. எனக்கும் அத்தயே எழுதக்கூடாதா?"

"அது கடலைமா."

"நானு கடலையவிட மட்டமா?"

"வாயி நீண்டுபோச்சி உனுக்கு," என்றார் நைனா. பிறகு, "ஓரத்துல எழுத எடம் கீதா அந்தத் தாள்ல?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கல்லூரி அலுவலகத்தில், அச்சிட்ட வாசகத்தில் 'நிரந்தரமாக' என்ற சொல்லை அடித்துவிட்டு நைனா ஓரத்தில் எழுதினார்: "இன்றைய தேதியில் ஆந்திர ராஜ்யத்தில் வசிக்கிறேன். நாளை எல்லை எங்கே விழும் என்பதை அறியேன். எங்கே விழ வேண்டும் என்று நான் கேட்டிருப்பது வேறு." கடைசி வாக்கியத்தை விட்டுவிடும்படி கெஞ்சினேன். விடவில்லை. நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமாவா, இல்லையா, அதை மட்டும் சொல்லச் சொல்லம்மா," என்றார் தெலுங்கில்.

"இன்னைக்கு ஆமா," என்று நைனாவே தெலுங்கில் பதில் சொன்னார்.

எழுத்தர் தாளுடன் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நைனா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் பெட்டி கட்டியபடி விடுதி வாசலில் இருந்தது. எழுத்தர் திரும்பி வந்து பெரிய பதிவேட்டைத் திறந்தார். என் பெயரை மையில் எழுதினார். ராஜ்யத்துக்கான கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார்.

நைனா அன்றே தனியாக வண்டியேறினார். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எழுத்தர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுந்தது?" என்று கேட்கிறார். இன்னும் விழவில்லை என்கிறேன். பக்கங்கள் புரண்டு புரண்டு, அந்தக் கட்டத்தில் அவர் பென்சிலால் எழுதிய 'ஆந்திரா' மங்கியிருக்கும். மேலும் கீழும் மை காய்ந்த பெயர்களுக்கு நடுவே, அவர் அதே எழுத்தின்மேல் மறுபடியும் பென்சிலால் எழுதுகிறார். அழுத்தாமல் எழுதுகிறார்.