மேக்கப் வேண்டாத வேடம்

நான்காம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு பழைய வெளிநாட்டு நாவலைக் கதையாகச் சொன்னார். வெள்ளைக்கார முதலாளி வீட்டில் திருட்டுப் போகிறது. கறுப்பன் என்பதற்காகவே வேலைக்காரன் மேல் பழி விழுகிறது. சொல்லும்போதே டீச்சருக்குக் குரல் கம்மியது. "தோல் நிறத்தை வெச்சு மனுஷனை எடை போடலாமா?" என்று கேட்டார். "கூடாது டீச்சர்!" என்று கத்தினோம்.

ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. வேலைக்காரன் வேடத்துக்கு டீச்சரின் கண் வரிசை வரிசையாகத் தேடி என்மேல் வந்து நின்றது.

"நீ வாடா. உனக்கு மேக்கப்பே வேணாம்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆள் இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் என்னை அதுவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. வீட்டில், "அத்தினி பேர்ல என்னத்தான் எடுத்தாங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெருங்களத்தூரில் புது அபார்ட்மெண்டுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அம்மா அங்கே சித்தாள். கூட வேலை செய்பவர்களிடமெல்லாம், "எம்புள்ள அப்டி நடிக்கிறானாம்" என்று சொல்லிவிட்டாள்.

விழாவன்று வேலைக்குப் போகாமல் மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, பவுடர் பூசாமல் எங்கள் வீட்டில் யாரும் வாசல் தாண்டியதில்லை. டப்பாவைக் கையோடு கொண்டுவந்து என் முகம், கழுத்து, காது மடல் வரை பூசினாள்.

"எம்மாம் ஜனம் வந்துகீது பாரு. பளிச்சினு நிக்க வேணாமா?"

டீச்சர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "ஐயோ, என்னம்மா இது! கறுப்பா இருக்கான்னுதானே இவனை எடுத்தேன்!" ஈரத்துணியால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

அம்மா பவுடர் டப்பாவை மூடினாள். பிறகு, "நல்லா நடிப்பான்னு எடுக்கலியா டீச்சர்?" என்றாள்.

"நடிப்பான், நடிப்பான். நீங்க போய் உக்காருங்கம்மா."

"நான் எடுக்கலை ஐயா" என்ற என் ஒரே வசனத்தைத் திக்காமல் சொன்னேன். கடைசியில் டீச்சர் மைக்கைப் பிடித்து, நிறம் பார்ப்பது பாவம் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பவுடர் வீணாய்ப் போன வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வீடு திரும்பும்போது அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். "அடுத்த வருசமும் என்னத்தான் எடுப்பாங்கம்மா. என்னவிட கறுப்பு ஸ்கூல்ல யாருமே கெடையாது" என்றேன், பெருமையாக.

அம்மா என் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். ரோட்டைக் கடக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்துத் தயாராக நின்றேன். லாரிகள் போய் ரோடு காலியான பிறகும் அவள் கடக்கவில்லை.