ஒன்றாம் நம்பர் மனை

என் பட்டறை ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்குப் போகிற ஒரு தெருவில் இருக்கிறது. கேட், கிரில் செய்கிறேன். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களுக்கு இரும்புத் தொட்டி செய்கிறேன். கூட மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். இரும்பு வெட்டினால் சத்தம் வரும். வராமல் வெட்ட எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. சண்டை போடுகிற ஆள் இல்லை. மனு எழுதுகிற ஆள். எழுதி எழுதி, ஒருநாள் எனக்கு நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸில் இருந்த தமிழ் எனக்குப் புரியவில்லை. தெருவில் அதைப் படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரிடமே எடுத்துப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"குடியிருக்கற தெருவுல பட்டறை கூடாதாம். ஒரு வருஷம் டயம் கொடுத்திருக்கா. அதுக்குள்ள காலி பண்ணணும்."

"எங்க போறதுங்க சாமி?"

"அதை அவா எழுதலையே."

திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் எழுதியிருக்கவில்லை.

"உங்களாட்டம் பட்டறைக்காராளுக்கு ஊருக்கு வெளியில மனை தரப்போறாளாம். பேப்பர்ல பார்த்தேன். ஒரு மனு போட்டு வையேன்."

"நமக்கு எழுத வராதுங்களே."

"நேக்கு வருமே."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். நான் எப்படிப்பட்ட தொழிலாளி, எத்தனை குடும்பம் என்னை நம்பி இருக்கிறது என்றெல்லாம் அதில் இருந்தது. எனக்கே தெரியாத நல்லவை சில இருந்தன. எனக்கு மனை கிடைக்க வேண்டும் என்று என் வீட்டில்கூட யாரும் அவர் அளவுக்கு ஆசைப்படவில்லை.

ஆபீஸில் ஒரு கிளார்க்கம்மா மனுவை வாங்கினார். படித்துவிட்டு என் பழைய ஃபைலை எடுத்தார். அதிலிருந்து ஒரு தாளை உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது? உங்க மேல புகார் எழுதின கையும் மனை கேட்டு எழுதின கையும் ஒண்ணா இருக்கு."

"ஒரே ஆளுதாங்க எழுதினாரு."

"அவரு உங்க பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"அடுத்த வீடுங்க."

அந்த அம்மா சீல் குத்தி நம்பர் போட்டார். ஒன்று. எனக்கு முன்னால் யாரும் மனு போடவில்லை. மற்ற பட்டறைக்காரர்களும் அந்தப் பேப்பரைப் படித்திருந்தார்கள். நம்பவில்லை.

பிறகு அவர்களும் வந்தார்கள். நாங்கள் ஒரு சங்கம் வைத்தோம். உறையூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் தலைவர். அவரிடம் ஒரு வரைபடம் இருந்தது. அதில் கட்டம் கட்டமாக மனை போட்டு, மனு நம்பர் வரிசைப்படி பென்சிலால் பேர் எழுதியிருந்தார். வடகிழக்கு மூலையில் முதல் கட்டம் எனக்கு. ஈசானிய மூலை. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

நிலம், சமயபுரம் போகிற ரோட்டோரம் இருந்த ஒரு பழைய உரக்கிடங்கு. அங்கே ஊர்க் குப்பையைக் கொட்டி உரமாக்கி வெகுகாலம் ஆகிறது. கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆனால் காகிதத்தில் அது இன்னும் உரக்கிடங்கு. உரக்கிடங்கில் பட்டறை வைக்க முடியாது. உரக்கிடங்கு இல்லை என்று சுகாதாரப் பிரிவு எழுதித் தர வேண்டும். முதலில் அது இருந்தது என்பதற்கு ஆதாரம் கொடுங்கள், பிறகு இல்லை என்று எழுதுகிறோம் என்றார்கள். ஆதாரம் ஒரு பீரோவில் இருந்தது. பீரோ சாவி, மாற்றலாகிப் போன ஒருவரிடம் இருந்தது.

சாவி வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் என் ஒரு வருஷம் முடியப் போனது. அவகாசம் கேட்டு மனு எழுத வேண்டும். பெரியவர் பேனாவைத் திறந்தார்.

"இதுதாம்ப்பா கடைசி. இதுக்கு மேல என் காது தாங்காது."

ஆறு மாதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பூட்டி சீல் வைப்பார்களாம். புதுத் தொட்டி ஆர்டர் எடுக்க எனக்குக் கை வரவில்லை. பாதி வேலையில் சீல் விழுந்தால் மில்காரருக்கு என்ன பதில் சொல்வது? மூன்று பேருக்கும் சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்த மாசம் வாஸ்து நாள் இருக்கு. விட்டா பங்குனியில கிடையாது. பூமி பூஜையைப் போட்டுடுவோம்."

"மனைக்கு ஆர்டர் வரலீங்களே," என்றேன்.

"ஆர்டர் என்னைக்கு வேணா வரும். நாள் வருமா?"

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும்தான். நம் ஊரில் பத்திரம் இல்லாமல் வீடு கட்டியவர்கள் உண்டு. பூஜை போடாமல் கட்டியவர்கள் இல்லை.

கருவேலத்தை வெட்டி, ஈசானிய மூலையில் குழி தோண்டினோம். அதாவது என் மனையில். ஐந்து செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியம் போட்டுப் பதித்தோம். பூவரசங் கம்பு நட்டு அதில் மஞ்சள் துணி கட்டினோம். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். கம்பையும் துணியையும் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் சமயபுரத்தில் அம்மனுக்குப் பூச்சொரிதல். ரோடு முழுக்க மஞ்சள் உடுத்தி நடந்து போகிற ஜனம். வழியில் மஞ்சள் பூசிய கல்லும், மஞ்சள் கட்டிய கம்பும், சுத்தமாக வெட்டிய இடமும் கண்டால் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றுவார்கள். ஒருவர் வேப்பிலை வைத்திருக்கிறார். ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார். யாரோ நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

பங்குனியில் இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். மூன்றடியில் ஒரு சூலம் வேண்டும் என்றார்கள்.

"எந்தக் கோயிலுக்குங்க?"

"ரோட்டோரத்துல ஒரு அம்மனுங்க. புதுசா வந்திருக்கா. ரொம்ப சக்தி."

நல்ல இரும்புப் பட்டையில் செய்தேன். ஜாயின்ட் தெரியாமல் தேய்த்துக் கொடுத்தேன். சாமி வேலை என்பதால் கூலி வாங்கவில்லை.

சித்திரையில் சர்வேயர் வந்துவிட்டார் என்று தலைவர் போன் செய்தார். என் ஆறு மாதத்தில் இன்னும் மூன்று வாரம் பாக்கி. வேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அளந்து, காலி இடம் என்று எழுதிவிட்டால் போதும், ஆர்டர் வந்துவிடும் என்று கிளார்க்கம்மா சொல்லியிருந்தார்.

நான் போனபோது எல்லோரும் என் மனையைச் சுற்றி நின்றார்கள். சர்வேயர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிமென்ட் மேடை, ஐந்து செங்கல், பாவாடை, நடுவில் சூலம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் வேலை.

"இது எப்பங்க வந்துச்சு?" என்று சர்வேயர் கேட்டார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை எடுத்துட்டீங்கன்னா காலி இடம்னு எழுதிடுவேன். இருந்துச்சுன்னா இருக்கறதைத்தான் எழுதணும். நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அவர் மெதுவாகத்தான் நடந்து போனார். நல்ல மனுஷன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "உங்க மனைங்க. நீங்கதான் எடுக்கணும்."

"பூஜை போடச் சொன்னது நீங்க."

"பூஜை போடறது வேற, புடுங்கறது வேற."

வேனில் கட்டிங் மெஷின் இருந்தது. அந்தச் சூலத்தை அறுக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். எங்கே பிடித்து வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அருகே போய் அதில் கை வைத்தேன். அப்போது ஒரு அம்மா குடத்தில் தண்ணீரோடு வந்தார். மேடையில் ஊற்றினார். என்னைப் பூசாரி என்று நினைத்திருக்க வேண்டும்.

"எம் மகனுக்கு ஏதாச்சும் ஒரு கம்பெனியில வேலை கிடைக்கணும்னு வேண்டிக்குங்க சாமி," என்றார்.

வேண்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? கையை எடுத்துவிட்டேன்.

சர்வேயர் டீ குடித்துவிட்டு வந்தார். பார்த்தார். 'வழிபாட்டுத் தலம் ஒன்று உள்ளது' என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸுக்குப் போனேன். மற்ற எல்லோருக்கும் ஆர்டர் தயாராக இருந்தது. ஒன்றாம் நம்பர் மட்டும் பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

"அந்த அம்மனை நீங்க எடுத்திருக்கலாமே," என்றார் கிளார்க்கம்மா.

"நீங்களா இருந்தா எடுப்பீங்களா?"

"நானா? பூச்சொரிதலுக்கு நடந்தப்ப அங்க உக்காந்துதாங்க மோர் குடிச்சோம். எங்க வீட்டுக்காரரு அங்க விழுந்து கும்பிட்டாரு."

"எனக்கு எப்பங்க மனை?"

"அடுத்த கட்டத்துல."

"அது எப்ப?"

"இந்தக் கட்டம் முடிஞ்சதும்."

ஃபைலைப் புரட்டினார். "ஆனா பயப்படாதீங்க. உங்க மனையை நாங்க எடுத்துக்கிட்டதால, மாற்று இடம் குடுக்கற வரைக்கும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. அதுவும் இந்த ஆர்டர்லயே இருக்கு. போய் வேலையைப் பாருங்க."

ஆர்டர் வாங்கியவர்கள் யாரும் இன்னும் அங்கே போகவில்லை. உள்ளே போக ரோடு இல்லை, கரன்ட் இல்லை. அம்மனுக்கு மட்டும் ஆடி பிறப்பதற்குள் ஒரு தெருவிளக்கும் தண்ணீர்க் குழாயும் வந்துவிட்டன. ஜனங்கள் வருகிற இடம். தலைவர் இப்போதும் உறையூரில்தான் லேத் ஓட்டுகிறார்.

ஆபீஸிலிருந்து வந்த அன்றே பெரியவரிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அப்போ நீ இங்கேதான் இருக்கப் போறே."

"ஆமாங்க சாமி. அடுத்த கட்டம் வரைக்கும்."

"அடுத்த கட்டம்னு அவாளே சொன்னாளா?"

"ஆமாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சர்வீஸ்ல இருக்கறச்சே ஒரு ஃபைல்ல அப்படி எழுதினேன். நான் ரிட்டயரே ஆயிட்டேன். அது இன்னும் வரலை."

எழுந்தேன்.

"இரு. மத்தியானம் நான் ரெண்டு மணிக்குப் படுப்பேன். மூணரைக்கு எழுந்துடுவேன். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் விட்டுடறயா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. ஆபீஸிடம்தான் கேட்டிருந்தார்.

"சரிங்க," என்றேன்.

மில்காரருக்குப் போன் செய்து பெரிய தொட்டிக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டேன். மறுநாள் இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்தி, மூன்று பேரையும் சாப்பிட அனுப்பினேன். மூன்றரைக்குப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். தூங்கி எழுந்த முகம்.

"ஆரம்பிப்பா," என்றார்.