ஜினெத்தின் ஆஜர்ப் பட்டியல்

ஜினெத் ப்ருவோவை யாராவது வானொலிக் கலைஞர் என்று சொன்னால் போதும், முகம் சுளித்துவிடுவார். "கலைஞராவது மண்ணாவது! நான் பஸ் கன்ட்ரோல் ரூம்காரி. முப்பத்திமூணு வருஷ சர்வீஸ். இங்க மைக் கிடைச்சுது, பேசுறேன்" என்பார்.

அது உண்மைதான். வட பிரான்ஸில் வலன்சியென் நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதும் ஓட்டுநர் பதில் சொல்லும்வரை காத்திருப்பதும்தான் அவருடைய வேலையாக இருந்தது. பதில் வராவிட்டால் 'எங்கேயாவது நிற்கும், வந்துவிடும்' என்று விட்டுவிடுகிற ரகம் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்தப் பிடிவாதத்துக்காக ஓட்டுநர்களில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள், மீதிப் பேர் கும்பிட்டார்கள்.

கணவர் மர்சோவின் நுரையீரலுக்கு வெயில் நல்லது என்று மருத்துவர் சொல்லப்போய், ஓய்வு பெற்ற கையோடு இருவரும் ஸ்பெயினில் அலிகாந்தே பக்கம் வந்து சேர்ந்தார்கள். வெயில் நல்லதுதான் செய்தது, ஆனால் இரண்டே வருடம். மர்சோ போன பிறகு "ஊருக்கே வந்துடேன்" என்று தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். ஜினெத் போகவில்லை. அதற்குள் ரேடியோ மிமோசா அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

மீன் சந்தைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அதுதான் ரேடியோ மிமோசா. பிரெஞ்சு பேசுகிறவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்தின் வானொலி. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கடலோரத்துக்கு எஃப்.எம்., மற்ற ஊர்களுக்கு இண்டர்நெட். போர்ச்சுகல், கிரீஸ், ருமேனியா, பல்கேரியா என்று எங்கெங்கோ குடியேறி, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காமல் நாக்கு வறண்டுபோன பிரெஞ்சுக்காரர்கள், பெல்ஜியத்துக்காரர்கள், சுவிஸ்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வீடு.

அவர்களில் பென்ஷன் வாங்குகிற அத்தனை பேருக்கும் வருடத்துக்கு ஒரு தலைவலி உண்டு. லைஃப் சர்டிபிகேட். குடியிருக்கிற ஊரின் அலுவலகத்துக்குப் போய், 'இந்த ஆள் உயிரோடு இருக்கிறார்' என்று முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். ஒருநாள் ஜினெத் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் போனில் வந்தார்.

"மதாம், நான் உயிரோட இருக்கேனான்னு வருஷத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் கேக்குது. மீதி நாளெல்லாம் யார் கேக்குறா?"

ஜினெத் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் கேக்குறேன். செவ்வாய்க்கிழமை தவறாம கேக்குறேன். போதுமா?"

"தாராளமா போதும்!"

அப்படிப் பிறந்ததுதான் ஆஜர்ப் பட்டியல். தனியாக வாழ்கிறவர்கள் தாங்களே பெயர் கொடுப்பார்கள். செவ்வாய் காலை பதினோரு மணிக்கு ஜினெத் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பன்னிரண்டுக்குள் அவர்கள் போன் செய்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஜோஸ், ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பெல்ஜியத்துக்காரர், பென்சிலால் டிக் போடுவார்.

"இருக்கேன் மதாம், முட்டிதான் இல்ல."

"முட்டியை யார் கேட்டா? ஆள் ஆஜரா, அதைச் சொல்லுங்க."

இந்தக் கூத்தைக் கேட்பதற்காகவே, பட்டியலில் இல்லாதவர்களும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சங்கத் தலைவர் இவோனுக்கு மட்டும் இது பிடிக்காது. "ஆஸ்பத்திரி வார்டுல உக்காந்த மாதிரி இருக்கு ஜினெத். நடுவுல நாலு பாட்டாவது போடேன்" என்பார். "பாட்டு போட்டா யார் பதில் சொல்லுவா?" என்று ஜினெத் வாயை அடைத்துவிடுவார்.

பட்டியலில் ஒரே ஒரு தொந்தரவு, போர்ச்சுகல். ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் கடிகாரம் ஒன்று, போர்ச்சுகலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். அங்கே இருக்கிறவர்கள் குழம்பிப்போய், தங்கள் ஊர்ப் பதினோரு மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிடுவார்கள். இங்கே நிகழ்ச்சி முடிந்து ஜோஸ் காபி குடித்துக்கொண்டிருப்பார். 'போர்ச்சுகல் பாக்கி' என்று அதற்கொரு பெயரே வைத்துவிட்டார். அதைக் கண்டு யாரும் பதறுவதில்லை.

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய். பதினொன்றே முக்காலுக்கு நாற்பத்தாறு பெயரில் நாற்பத்தைந்துக்கு டிக் விழுந்தாயிற்று. மிச்சம் ஒன்று: அன்செல்ம் பார்த், எழுபத்தொன்பது வயது, கொத்தனாராக இருந்தவர். போர்ச்சுகலின் அலென்தெஜோ பக்கம், தக்கை மரக்காட்டுக்கு அந்தப்புறம் ஒற்றை வீட்டில் இருப்பவர்.

"போர்ச்சுகல் பாக்கி ஒண்ணு" என்றார் ஜோஸ். "அங்க இன்னும் பதினொண்ணே ஆகலை. வரும், வரும்."

ஜினெத் போனைப் பக்கத்தில் இழுத்தார். "இந்த மனுஷன் அப்படி இல்ல ஜோஸ்."

பட்டியலில் சேர்ந்த அன்றே அன்செல்ம் சண்டை போட்டவர். உங்கள் ஊரில் இப்போது பத்து மணி என்று ஜினெத் சொன்னதும் பொரிந்து தள்ளிவிட்டார். "ஊருக்குப் பத்து. என் வீட்டுக்குப் பதினொண்ணு! நான் நாட்டை விட்டு வந்தேன் மதாம், கடிகாரத்தை விட்டுட்டு வரலை." வீட்டுக் கடிகாரம், கைக்கடிகாரம் எல்லாமே அவருக்குப் பாரிஸ் நேரம்தான். ரொட்டிக் கடைக்காரி கேலி செய்தும் மாற்றவில்லை. இரண்டு வருடமாக, செவ்வாய் பதினொன்று பத்துக்கு மேல் அவருடைய போன் வந்ததே கிடையாது.

ஜினெத் அவருடைய எண்ணுக்கு மூன்று முறை அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஜோஸ் அந்த ஊர் அலுவலகத்தைப் பிடித்தார். அவ்வளவு தூரம் அனுப்ப ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு அடித்தது. அடுத்த அரை மணி சோபாக் கடைக்காரர் ஒருவருடையது, அவருடைய விளம்பரத்தில்தான் மாடி வாடகை ஓடிக்கொண்டிருந்தது. இவோன் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"எழுந்திரு ஜினெத். சோபாக்காரர் லைன்ல காத்துக்கிட்டிருக்கார்."

"சோபாலதான உக்காந்திருக்கார்? உக்காரட்டும்."

"விளையாடாத! கிழவன் தோட்டத்துல கீரை புடுங்கிக்கிட்டிருப்பான். நீ அவனுக்காகச் சங்கத்தையே கவுத்துடுவ போலிருக்கே!"

"பதில் வராம நான் எழுந்ததா சரித்திரமே கிடையாது."

இவோனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "சரி. அந்த ஆள் நல்லா இருந்தா, அடுத்த செவ்வாய் நீ இந்தப் படி ஏற வேண்டாம்."

"அவர் நல்லா இருந்தா நான் ஆடிக்கிட்டே வீட்டுக்குப் போவேன் இவோன். இப்ப கதவைச் சாத்து."

மைக்கைத் திறந்தார். "முசியே பார்த், ஜினெத் பேசுறேன். கேக்குதா? ஒரு போன் போடுங்க. அலென்தெஜோ பக்கம் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, நீங்களும் போடுங்க."

சோபாக்காரர் போனைப் பட்டென்று வைத்துவிட்டார். ஜினெத் சட்டை செய்யவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டார், கூப்பிட்டுவிட்டு வாய் மூடிக் காத்திருந்தார். வானொலியில் அத்தனை மௌனம் கூடாது என்பார்கள். அன்று ஒருவர்கூடப் பாட்டுக் கேட்கவில்லை.

பன்னிரண்டே காலுக்கு ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. "என் பேர் மாரிஸ். அங்கேர்ந்து இருபது கிலோமீட்டர்ல விடுதி வச்சிருக்கேன். கையெல்லாம் மாவு. பரவால்ல, வழி சொல்லுங்க."

வழி சொன்னார்கள். மாரிஸ் காரை எடுத்தாள். ஜினெத் கூப்பிடுவதை நிறுத்தவில்லை, தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்து என்று அவர் சொல்லியும் இவோன் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணி ஆகும்போது மாரிஸ் மறுபடி லைனில் வந்தாள். "வாசல் பூட்டியிருக்கு. தட்டினா சத்தமே இல்ல. ஆனா மதாம், உள்ள உங்க குரல் கேக்குது! ரேடியோ ஓடிக்கிட்டிருக்கு."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. சாத்தியிருக்கு."

"உடைங்க!"

கண்ணாடி நொறுங்கியதை கிரீஸில் கேட்டார்கள், பல்கேரியாவில் கேட்டார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஜோஸ் பென்சிலை எடுத்து அன்செல்மின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இருக்கார்!" மாரிஸ் அழுதுகொண்டே கத்தினாள். "சமையக்கட்டுத் தரையில விழுந்து கிடக்கார். இடுப்பு போல. உடம்பு சில்லுன்னு இருக்கு, ஆனா கண்ணைத் திறந்து பாக்குறார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்!"

ஜினெத் மைக்குப் பக்கத்தில் குனிந்தார். முப்பத்திமூன்று வருடம் எத்தனையோ வண்டிகளைக் கரை சேர்த்தவர். "நாற்பத்தாறு பேரும் ஆஜர். ரேடியோ மிமோசாவிலிருந்து ஜினெத் ப்ருவோ" என்றார். தன் முழுப் பெயரை அவர் வானொலியில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது, நிமிரட்டுமே, அதற்கென்ன குறை!

அன்செல்ம் விழுந்தது முந்தின நாள் சாயங்காலம், ரேடியோவைப் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தபோது. அந்த வீட்டுப் பக்கம் அடுத்தபடியாக ஆள் வருவது வெள்ளிக்கிழமை காஸ் வண்டிதான். அந்தக் குளிரில் இன்னொரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். சோபாக்காரர் திரும்பி வரவே இல்லை. இவோன் வேறு விளம்பரம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார். ஏறிய கடையிலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார், ஏதோ மைக்கைத் தானே பிடித்துவைத்திருந்தவர் மாதிரி. ஜினெத் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. இவோன் எடுத்துக் கேட்டுவிட்டு ஜினெத்திடம் நீட்டினார்.

"மதாம் ஜினெத்தா?" அன்செல்மின் குரல் மெலிந்திருந்தது, முறுக்கு மட்டும் குறையவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் 'இருக்கேன்'னு சொன்னேன். என்னால முடிஞ்ச மட்டும் சத்தமா சொன்னேன். உங்களுக்குக் கேக்கவே இல்ல."

ஜினெத் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சு முசியே பார்த்" என்றார். "கேட்டதாலதான் நான் எழுந்திரிக்கலை."